ஜிகோடை ஸ்கிரிப்ட் போட்டு எடுக்கலாமா, இல்ல கேம் சாஃப்ட்வேர்லயே இருந்துடலாமா?

சிஎன்சி மெஷின்ல (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற மெஷின்) பலகையில ஆறு ஓட்டை போடணும், அவ்ளோதான் வேலை. டூல் எங்க போகணும், எப்படி வெட்டணும்னு அந்த மெஷினுக்கு வரி வரியா சொல்ற கட்டளைதான் ஜிகோடு. 50 மிமீ விட்டமுள்ள வட்டத்து மேல சம இடைவெளியில ஆறு. இதுக்குப் போயி கேட்ல (வடிவம் வரையிற சாஃப்ட்வேர்) ஸ்கெட்ச் போட்டு, கனம் குடுத்து எக்ஸ்ட்ரூட் பண்ணி, அப்புறம் கேம் பக்கம் தாவி (விளையாட்டு கேம் இல்லங்க, டூல்பாத், அதாவது டூல் போற வழி போடுற கேம்), ஸ்டாக், அதாவது வெட்டப்போற பலகையோட அளவு சொல்லி, டூல் சொல்லி, ஆபரேஷன் சேத்து, நம்ம மெஷினுக்கு ஒத்துவர்ற போஸ்ட் பிராசஸர (டூல்பாத்த ஜிகோடா மாத்துறது) தேடி எடுத்து, ஃபைல் கைக்கு வர்றதுக்குள்ள ஆர்வமே போயிடும். அதையே பைத்தான்ல எழுதினா பத்துப் பன்னெண்டு வரி. மறுநாள் ஆறு இல்ல எட்டு வேணும்னா ஒரு நம்பர மாத்தினா முடிஞ்சுது.

நம்மள்ல முக்காவாசிப் பேரு ஸ்கிரிப்ட் பக்கம் வர்றது இப்படித்தான். வந்ததுக்கப்புறம் ஒரு பித்து பிடிக்கும் பாருங்க, எல்லாத்தையுமே கோடு எழுதித்தான் வெட்டணும்னு. எனக்கும் பிடிச்சுது. ஒரு பெயர்ப்பலகைக்கு வளைஞ்ச எழுத்தெல்லாம் பள்ளமா வெட்டணும், ஆஃப்செட் கணக்க (ஓரத்துல இருந்து டூலோட ஆரம் அளவு தள்ளிப் போற கோட்டுக் கணக்கு) நானே எழுதுறேன்னு உக்காந்து ரெண்டு வாரம் போச்சு, ‘அ’வோட சுழிக்குள்ள கோடு தன்னையே வெட்டிக்கிட்டு நின்னுச்சு, கடைசியில கேம்ல அரைமணி நேரத்துல முடிச்சுட்டு எழுந்தேன். அதனால இப்ப எந்த வேலை வந்தாலும் ரெண்டு கேள்வி கேட்டுப்பேன். இந்தப் பொருள நம்பர்லயே சொல்லி முடிச்சிட முடியுமா, இல்ல படம் வரைஞ்சாத்தான் புரியுமா? தப்பு பண்ணிருந்தா அது எங்க தெரியும், ஸ்கிரீன்லயா இல்ல மரத்துலயா? கீழ வர்ற ஒவ்வொரு வழியையும் இந்த ரெண்டு கேள்வியை வச்சுத்தான் எடை போடுறேன்.

எழுதி வெட்டுறது ஏதோ புது ஃபேஷன்னு நினைக்காதீங்க, மவுஸ் வச்சு வரையிறதுக்கெல்லாம் முந்தின விஷயம் இது. அமெரிக்காவுல இருக்கிற எம்ஐடியில டக்ளஸ் ராஸ் தலைமையில 1950கள்ல உருவான ஏபிடின்ற மொழியில வடிவத்தையும் டூல் போற வழியையும் வார்த்தையாத்தான் எழுதுவாங்க, 1959ல அதக் காட்டுறதுக்காக அலுமினிய சாம்பல் கிண்ணம் வெட்டி வந்தவங்களுக்குக் குடுத்தாங்க. நாம பைத்தான்ல பண்றது அதோட கொள்ளுப்பேரன் மாதிரிதான்.

மொதல்ல கையாலயே ஜிகோடு அடிக்கிறது. இத மட்டமா நினைக்க வேண்டாம். நேர்க்கோட்டு ஸ்லாட், பலகை ஓரத்த நேராக்குறது, ரெண்டு மூணு ஓட்டை, இதுக்கெல்லாம் நோட்பேட் போதும். ஜி21 (அளவெல்லாம் மிமீல), ஜி90 (எல்லாம் ஜீரோல இருந்து அளக்கிறது)ன்னு ஆரம்பிச்சு, எம்3 போட்டு ஸ்பிண்டில, அதாவது பிட்ட (வெட்டுற டூல்) சுத்துற மோட்டார ஓட்டி, ஜி0ல வேகமாப் போயி, ஜி1ல வெட்டி, மேல தூக்கி, எம்5ல ஸ்பிண்டில நிறுத்தி, எம்30ல முடிக்கிறது. முப்பது வரியைத் தாண்டினா கூட்டல் கழித்தல்ல கண்டிப்பா ஒரு இடத்துல சறுக்குவோம், அதுவரைக்கும்தான் இதோட எல்லை. ஆனா இத ஒரு பத்து தடவையாவது பண்ணிருக்கணும். ஜிகோட வாசிக்கத் தெரியாம ஸ்கிரிப்ட் எழுதுறவங்க, வர்ற ஃபைல்ல என்ன இருக்குன்னு தெரியாமலே ஸ்டார்ட் அமுக்குறாங்க, அதப் பாக்க எனக்கே பயமா இருக்கும்.

ரெண்டாவது வழி, கன்ட்ரோலருக்குள்ளயே (ஜிகோட வாசிச்சு மெஷின் மோட்டார ஓட்டுறது) இருக்கிற வேரியபிள், லூப் இதையெல்லாம் பயன்படுத்துறது. லினக்ஸ்சிஎன்சி (கம்ப்யூட்டரையே கன்ட்ரோலரா ஆக்குற சாஃப்ட்வேர்) வச்சிருக்கவங்களுக்கு இது நல்ல வசதி. ஹேஷ் குறி போட்டு வேரியபிள், ஓ-ன்னு ஆரம்பிக்கிற வரியில சப்ரொட்டீன் (திரும்பத் திரும்பக் கூப்பிடுற கட்டளைத் துண்டு), வைல் லூப், இஃப் எல்லாம் ஜிகோடு ஃபைலுக்குள்ளயே எழுதலாம். மெஷின் முன்னாடி நின்னுக்கிட்டே ஆழத்த 6ல இருந்து 8ன்னு மாத்தி அப்படியே ஓட்டலாம், நடுவுல கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் எதுவும் வேண்டாம். தொழிற்சாலை மெஷின்கள்ல, ஃபானுக் கம்பெனி கன்ட்ரோலர்ல மேக்ரோன்னு ஓடுறதும் இதே ஜாதிதான், எழுதுற முறை மட்டும் வேற. ரெண்டு விஷயம் மட்டும் மண்டையில ஏத்திக்கோங்க. லினக்ஸ்சிஎன்சில கணக்குக்கு சதுர பிராக்கெட்தான், பழக்கதோஷத்துல வட்ட பிராக்கெட் போட்டீங்கன்னா அத கமெண்ட்டா எடுத்துக்கும். அப்புறம் சைன், காஸ் எல்லாம் டிகிரியில வாங்கும். பைத்தான்ல ரேடியன். ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு கோட காப்பி பண்றப்ப ஓட்டையெல்லாம் வட்டத்து மேல கண்டபடி சிதறிக் கிடக்கும்.

ஆனா ஹாபி மெஷின்ல ரொம்பப் பேரு வச்சிருக்கிறது ஜிஆர்பிஎல்ன்ற கன்ட்ரோலர் சாஃப்ட்வேர். அதோட 1.1 வெர்ஷன், சின்ன ஆர்டுயினோ யூனோவோட 32 கேபி மெமரிக்குள்ள அடைச்சு வச்சது, அதனால வேரியபிள் கிடையாது, லூப் கிடையாது, ஜி81 மாதிரி ஒரே வரியில ஓட்டை போடுற டிரில் சைக்கிள் கிடையாது, ஜி41 ஜி42ன்னு டூல் விட்டத்த தானே கழிச்சுக்கிற வசதியும் கிடையாது. ஜி81, ஜி41ன்னு அனுப்பிப் பாத்தீங்கன்னா எர்ரர் 20ன்னு மூஞ்சில அடிச்சிடும். 32 பிட் போர்டுல ஓடுற ஜிஆர்பிஎல்ஹால்ல டிரில் சைக்கிளெல்லாம் உண்டு, ஆனா சாதா ஜிஆர்பிஎல் ஆளுங்களுக்கு இந்தக் கதவு மூடினதுதான். லினக்ஸ்சிஎன்சிக்காரங்களுக்கும் நான் சொல்றது, ஃபேசிங் (பலகை மட்டம் பண்றது), ஓட்டை வரிசை, வட்டப் பள்ளம் இந்த மூணுக்கு சப்ரொட்டீன் வச்சுக்கோங்க, அதுக்கு மேல இழுக்காதீங்க, ஏன்னா #1 #7ன்னு எழுதின ஃபைல ஆறு மாசம் கழிச்சுத் திறந்தா எழுதினவனுக்கே விளங்காது, நிறைய பிரிவியூ டூலுக்கும் அது புரியாது.

மூணாவதுதான் நான் ரொம்ப நாளா குடியிருக்கிற இடம், சாதா பைத்தான், லைப்ரரி எதுவும் இல்லாம, ஜிகோட வரி வரியா பிரிண்ட் பண்றது. பைத்தான்னு இல்ல, ஜாவாஸ்கிரிப்ட் தெரிஞ்சா அதுலயும் பண்ணலாம், எக்செல்ல ஃபார்முலா போட்டு எடுக்கிறவங்க கூட இருக்காங்க, சிரிக்காதீங்க, அதுவும் வேலை செய்யுது. இதோட பலம் என்னன்னா உங்க மெஷினுக்கு எது வேணுமோ அதத்தான் எழுதுவீங்க. டிரில் சைக்கிள் இல்லையா, கொஞ்சம் இறங்கி மேல ஏறி தூள வெளிய எடுத்துட்டு மறுபடி இறங்குற அந்த வேலைய அஞ்சு வரி லூப்ல நீங்களே எழுதிடலாம். போஸ்ட் பிராசஸர்ன்ற பேச்சே இல்ல.

ஃபீட், அதாவது வெட்டுறப்ப டூல் நகர்ற வேகம், அந்தக் கணக்கையும் உள்ளயே போட்டுடலாம். ஆர்பிஎம் பெருக்கல் பல் எண்ணிக்கை பெருக்கல் ஒரு பல்லு எடுக்கிற அளவு, அவ்ளோதான். 12000 ஆர்பிஎம், ரெண்டு ஃப்ளூட் (பல்லு), பல்லுக்கு 0.05 மிமீன்னா நிமிஷத்துக்கு 1200 மிமீ. பிட்ட மாத்தினா நம்பர் தானா மாறும். டூல் விட்டமும் அப்படித்தான், 20 மிமீ ஓட்டைய 3.175 மிமீ பிட்டால வெட்டணும்னா டூல் சென்டர் சுத்த வேண்டிய ஆரம் 8.4125, இத மனசுல போட்டு ஃபைல்ல எழுதாதீங்க, கழிச்சு ரெண்டால வகுக்கிற வேலைய ஸ்கிரிப்ட் பாத்துக்கட்டும். பிட் கொஞ்சம் தேஞ்சு 3.1ன்னு அளவு காட்டினா ஒரே இடத்துல மாத்தினா போதும். எந்தப் பக்கம் சுத்தணும்ன்றதும் இங்கதான் முடிவாகும், ஸ்பிண்டில் எம்3ல ஓடுறப்ப கிளைம்ப் மில்லிங் (பல்லு மொதல்ல தடிமனாக் கடிச்சு மெல்லிசா முடிக்கிறது) வேணும்னா பள்ளத்துக்குள்ள ஜி3 (இடஞ்சுழி வளைவு), பொருளோட வெளி ஓரத்துல ஜி2 (வலஞ்சுழி வளைவு). ஆட்டம் இருக்கிற லேசான மெஷின்ல கிளைம்ப் நல்லாருக்குமா, அதுக்கு நேர் எதிரான கன்வென்ஷனல் நல்லாருக்குமான்னு சண்டை ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்கிரிப்ட்னா ஒரு வேரியபிள மாத்தி ரெண்டையும் வெட்டிப் பாத்துட்டு சண்டைய முடிச்சுக்கலாம்.

இப்ப இதுல மாட்டிக்கிற இடங்கள். மொத தடவை ஆறு ஓட்டை ஸ்கிரிப்ட் ஓட்டினப்ப ரெண்டாவதோ மூணாவதோ வரியில மெஷின் நின்னுடுச்சு, என்னடான்னு பாத்தா ஃபைல்ல 1.53க்குப் பக்கத்துல இ-15ன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. 90 டிகிரிக்கு காஸ் பூஜ்ஜியம்னு நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்கு அது பூஜ்ஜியத்துக்கு ரொம்பப் பக்கத்துல ஒரு குட்டி நம்பர், அத அறிவியல் முறையில எழுதி வைக்கும், கன்ட்ரோலர் அந்த ‘இ’ய இன்னொரு கட்டளை எழுத்துன்னு எடுத்துக்கும். இது நின்னதோட போச்சேன்னு சந்தோஷப்படணும். எல்லா நம்பரையும் மூணு தசம இடத்துக்கு ஃபார்மேட் பண்ணி எழுதுங்க, ஒரே ஃபங்ஷன் வழியாத்தான் நம்பர் வெளிய போகணும்னு வச்சுக்கோங்க. ரெண்டு தசமம் போதுமேன்னு கஞ்சத்தனம் பண்ணாதீங்க, ஆர்க்ல (ஜி2, ஜி3 போடுற வளைவு) ஆரம்பப் புள்ளியில இருந்து சென்டருக்கு இருக்கிற தூரமும் முடிவுப் புள்ளியில இருந்து இருக்கிற தூரமும் ஒத்துப்போகணும், ஜிஆர்பிஎல் 0.005 மிமீ வரைக்கும்தான் கண்டுக்காம விடும், அதத் தாண்டினா சின்ன ஆரமுள்ள ஆர்க்கெல்லாம் எர்ரர் 33ல மாட்டும்.

இதவிட மோசமானது ஒண்ணு இருக்கு, எர்ரரே வராது. ரொம்பக் குட்டியான ஆர்க்ல ஆரம்பமும் முடிவும் ரவுண்டு பண்ணினதுல ஒரே நம்பரா ஆயிடுச்சுன்னு வைங்க. கன்ட்ரோலரப் பொறுத்தவரைக்கும் ஆரம்பமும் முடிவும் ஒண்ணுன்னா அது முழு வட்டம். பொருளோட மூலையில ஒரு மயிரிழை வளைவுக்குப் பதிலா பொருளுக்குள்ள ஒரு முழு சுத்து சுத்திட்டு வரும், அதுவும் சரியான ஃபீட்ல, ரொம்ப அழகா. ரெண்டு புள்ளியும் ரவுண்டுக்கப்புறம் ஒண்ணான்னு பாத்து, ஒண்ணுன்னா அந்த ஆர்க்கையே எழுதாம விட்டுடணும்.

சரி, இவ்ளோ ஆபத்து இருந்தும் ஏன் இங்கயே இருக்கேன்னா, காவல் வைக்கிறது இங்க ரொம்ப சுலபம். எல்லா நகர்வும் ஒரே ஃபங்ஷன் வழியா போகுதுல்ல, அந்த வாசல்ல நின்னு மூணு விஷயம் செக் பண்ணுவேன். எக்ஸ் ஒய் மெஷினோட ஓட்டத்துக்குள்ள இருக்கா, இசட் பலகை கனத்துக்கும் கீழ அரை மில்லிக்கு மேல போகுதா, ஜி0ல பக்கவாட்டுல நகர்றப்ப சேஃப் உயரத்துக்குக் கீழ இருக்கா. எதுல மாட்டினாலும் ஸ்கிரிப்ட் அங்கயே செத்துடணும், ஃபைலே எழுதக்கூடாது. இந்த மூணாவது செக் எப்படி வந்துச்சுன்னா, ஒரு தடவை தூக்குறதுக்கு மறந்து, 4 மிமீ ஆழத்துல இருந்தபடியே பிட் அடுத்த ஓட்டைக்கு முழு வேகத்துல நேரா மரத்தக் கிழிச்சுக்கிட்டுப் போச்சு, பாதி வழியில பிட் முறிஞ்சுது, மீதி வழிய வெறும் ஷேங்க் (பிட்டோட காம்பு) மட்டும் கருக்கிட்டே போச்சு. தப்பு முழுக்க என்னோடது.

நாலாவது, அதே பைத்தான், ஆனா வடிவக் கணக்குக்கு லைப்ரரி. டிஎக்ஸ்எஃப் ஃபைல் (கேட்ல இருந்து வர்ற வரைபடம்) வாசிக்க ஈஸிடிஎக்ஸ்எஃப், ஆஃப்செட் எடுக்க ஷேப்லி இல்லாட்டி கிளிப்பர். என்னோட ரெண்டு வாரக் கூத்து இருக்கே, அது ஷேப்லில பஃபர்னு ஒரு கட்டளை, மைனஸ் நம்பர் குடுத்தா உள்பக்கமா சுருங்கும், நடுவுல தீவு இருந்தா கூட பாத்துக்கும், வடிவம் ரெண்டாப் பிரிஞ்சா ரெண்டு துண்டாக் குடுக்கும். கிளிப்பர் முழு எண்லதான் கணக்குப் போடும், அதனால மிமீய ஆயிரத்தாலயோ பத்தாயிரத்தாலயோ பெருக்கிக் குடுத்துட்டு திரும்பி வர்றப்ப வகுக்கணும், மறந்தா எல்லாம் படிக்கட்டு மாதிரி வரும். இதுல இழக்கிறது என்னன்னா வளைவு. ரெண்டு லைப்ரரியும் வட்டத்த குட்டிக் குட்டி நேர்க்கோடாத்தான் திருப்பிக் குடுக்கும். 10 மிமீ ஆர வட்டத்த 0.01 மிமீ பிசகுக்குள்ள வச்சுக்கணும்னா 71 துண்டு வேணும். மரத்துக்கு இது ஒரு விஷயமே இல்ல. ஆனா தேவைக்கு மேல நுணுக்கி ஆயிரம் துண்டா வெட்டி அனுப்பினீங்கன்னா ஒவ்வொரு வரிக்கும் பதில் வாங்கிட்டு அடுத்தத மெஷினுக்கு அனுப்புற சாதா சாஃப்ட்வேர்ல மெஷின் திக்கித் திக்கிப் போகும், அந்த நடுக்கம் ஓரத்துல அப்படியே தெரியும்.

ஆஃப்செட் கிடைச்சதும் வேலை முடிஞ்சுதுன்னு தோணும். முடியல. ஒரு வளையத்துல இருந்து அடுத்த வளையத்துக்கு எப்படிப் போறது, எங்க சாய்வா இறங்குறது, வெட்டி முடிச்ச துண்டு பறக்காம இருக்க எங்க டேப் (வெட்டாம விடுற சின்னப் பாலம்) விடுறது, எது மொதல்ல எது அப்புறம், இத ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டே போனா ஒரு நாள் நிமிர்ந்து பாத்தா நீங்க ஒரு அரைகுறை கேம் சாஃப்ட்வேர் எழுதிக்கிட்டு இருப்பீங்க. அது பிடிச்சா எழுதுங்க, அதுவும் ஒரு ஹாபிதான். பொருள் வேணும்னா வேண்டாம்.

இந்த நாலாவதுல ஒரே ஒரு வேலைக்கு மட்டும் நான் கை தூக்குவேன், அது படத்துல இருந்து மேடு பள்ளம் வெட்டுறது. கறுப்பு வெள்ளைப் படத்தோட ஒவ்வொரு புள்ளியும் ஒரு ஆழம், பால்நோஸ் பிட் (நுனி உருண்டையா இருக்கிறது) வரிசை வரிசையாப் போகும். 3 மிமீ பால்நோஸ்ல வரிக்கு வரி 0.3 மிமீ விட்டா நடுவுல நிக்கிற மேடு 0.0075 மிமீதான், ஸ்டெப்ஓவரோட, அதாவது வரிக்கு வரி விட்ட இடைவெளியோட வர்க்கத்த ஆரத்தோட எட்டு மடங்கால வகுத்தா வர்ற கணக்கு. 0.6 விட்டா மேடு நாலு மடங்கு ஆகும், நேரம் பாதியாகும், எது வேணும்னு நீங்களே பேரம் பேசிக்கலாம். ஒண்ணு மட்டும், அந்தப் புள்ளியோட ஆழத்த மட்டும் பாத்து பிட்ட இறக்கிடாதீங்க, பிட்டோட உருண்டை அடிப்பக்கம் பக்கத்துப் புள்ளியில எங்கயும் இடிக்காத உயரம் எதுன்னு சுத்திலும் பாத்துட்டுத்தான் இறக்கணும், இல்லன்னா மூக்கெல்லாம் மழுங்கிப் போன முகம்தான் வரும்.

அஞ்சாவது வழி, வடிவத்த ஸ்கிரிப்ட்ல எழுதிட்டு டூல்பாத்த கேம் கையில விட்டுடுறது. ஓபன்எஸ்கேட்ல (எழுதியே வடிவம் உருவாக்குற சாஃப்ட்வேர்) எழுதினா எஸ்டிஎல் மாதிரி முக்கோணங்களால ஆன மெஷ்ஷோ டிஎக்ஸ்எஃப் மாதிரி வரைபடமோ வெளிய வரும், வட்டமெல்லாம் ஏற்கனவே பலகோணமா ஆயிருக்கும். கேட்க்வெரில (அதே வேலைக்கான பைத்தான் லைப்ரரி) எழுதினா ஸ்டெப் ஃபைல் கிடைக்கும், வட்டம் வட்டமாவே இருக்கும், கேம் அதப் பாத்து இது ஓட்டைன்னு புரிஞ்சுக்கும். சிஎன்சிக்குன்னா நான் கேட்க்வெரிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஃப்ரீகேட்ன்ற இலவச சாஃப்ட்வேர்ல கேட், கேம் ரெண்டும் ஒரே இடத்துல, அதுவே பைத்தான்லதான் பேசும், முன்னாடி பாத்னு இருந்த ஒர்க்பெஞ்ச் 1.0 வெர்ஷன்ல இருந்து கேம்னு பேர் மாறிடுச்சு, ஜாப், ஆபரேஷன் எல்லாத்தையும் ஸ்கிரிப்ட்ல இருந்தே உருவாக்கலாம். உருவாக்கலாமே தவிர எனக்கு அது ஒத்துவரல, மாடல்ல ஒரு ஓட்டை சேத்தா ஆறாவது முகம்னு சொன்னது ஒன்பதாவது முகமா மாறி பாக்கெட் (வெட்டுற பள்ளம்) வேற எங்கயோ போயி உக்காந்துக்கும். 1.0ல இந்தத் தொல்லைய நல்லாவே குறைச்சிருக்காங்க, இருந்தாலும் நான் பண்றது வேற, அளவையெல்லாம் ஃப்ரீகேட்டோட ஸ்ப்ரெட்ஷீட்ல வச்சுட்டு, டூல்பாத்த ஒரு தடவை கையால கிளிக் பண்ணி அமைச்சுட்டு, அப்புறம் அளவ மட்டும் மாத்தி ரீகம்ப்யூட் பண்றது. படத்தால சொல்ல வேண்டிய பொருளுக்கு அஞ்சு சைஸ் வேணும்ன்ற வேலைக்கு இதுக்கு மேல ஒண்ணு நான் பாக்கல.

கேமோட்டிக்ஸ்ல (ஜிகோட ஸ்கிரீன்லயே வெட்டிக் காட்டுற சிமுலேட்டர்) டிபிஎல்னு ஜாவாஸ்கிரிப்ட் மாதிரியே எழுதுற வசதி ஒண்ணு இருக்கு, எழுதினது பக்கத்துலயே வெட்டிக் காட்டும், ஜாவாஸ்கிரிப்ட் கை பழகினவங்க பாருங்க. நான் அத சிமுலேட்டரா மட்டும்தான் வச்சிருக்கேன், அதுவே பெரிய உபகாரம்.

இப்பல்லாம் ஏஐகிட்ட கேட்டு ஜிகோடு வாங்குறவங்க இருக்காங்களே அவங்களுக்கு ஒரு வார்த்தை. நேரா ஜிகோடு கேக்காதீங்க, ஸ்கிரிப்ட் கேளுங்க. முன்னூறு வரி நம்பர்ல ஒரு மைனஸ் காணாமப் போயிருந்தா உங்க கண்ணுக்குத் தெரியாது, முப்பது வரி பைத்தான்ல தெரியும், அதோட மேல சொன்ன காவலும் நடுவுல நிக்கும்.

செக் பண்றது எந்த வழிக்கும் பொது, ஆனா செலவு வேற வேற. கேம் சாஃப்ட்வேர்ல சிமுலேஷன் கூடவே வருது, ஆயிரக்கணக்கான பேரு ஓட்டின போஸ்ட் பிராசஸர். நம்ம ஸ்கிரிப்ட்ட ஓட்டின ஒரே ஆளு நாமதான். அதனால நம்ம நேரக் கணக்குல இதையும் சேக்கணும், பத்து நிமிஷத்துல எழுதின ஸ்கிரிப்ட்டுக்கு மொத தடவை இருபது நிமிஷம் செக். கேமோட்டிக்ஸ்ல ஒரு பார்வை, அப்புறம் ஜிஆர்பிஎல்ல டாலர் சி அடிச்சா செக் மோடு, மோட்டார் அசையாம ஃபைல் முழுக்க வாசிச்சு எர்ரர மட்டும் சொல்லும், அப்புறம் இசட் ஜீரோவ 20 மிமீ மேல வச்சு காத்துல ஒரு ஓட்டம். ரெண்டாவது தடவை அதே ஸ்கிரிப்ட்ட வேற நம்பரோட ஓட்டுறப்ப இந்தச் செலவு பாதியாகும், பத்தாவது தடவை கிட்டத்தட்ட இல்லாமலே போகும். ஒரே தடவை வெட்டப்போற பொருளுக்கு ஸ்கிரிப்ட் எழுதினா செலவு மட்டும்தான் மிச்சம்.

அதனால இப்ப என் ஃபோல்டர்ல இருக்கிறது நாலே ஸ்கிரிப்ட். பலகை மட்டம் பண்றது, ஓட்டை வரிசையும் வட்டமும், வட்டப் பள்ளம், படத்துல இருந்து மேடு பள்ளம். மத்ததெல்லாம் ஃப்ரீகேட். அஞ்சாவது ஸ்கிரிப்ட் எழுதலாமான்னு கை அரிக்கிறப்ப, இதே பொருள வேற அளவுல மூணு தடவையாவது வெட்டிருக்கேனான்னு பாப்பேன், இல்லன்னா விட்டுடுவேன்.

எழுத ஆரம்பிக்கிறவங்க ஒண்ணு மட்டும் மொத நாள்லயே பண்ணிடுங்க, ஸ்கிரிப்ட்டோட பேரு, அப்ப குடுத்த எல்லா நம்பரும், பிட் விட்டம், ஜீரோ எந்த மூலைன்றது, இதையெல்லாம் ஜிகோடு ஃபைலோட தலையில கமெண்ட்டா எழுத வச்சிடுங்க. கன்ட்ரோலர் அத சீண்டவே சீண்டாது. என்கிட்ட ‘புதுசு2_கடைசி’ன்னு ஒரு ஃபைல் இருக்கு, அருமையா வெட்டுது, எந்த நம்பர் குடுத்து எடுத்தேன்னு இன்னிக்கு வரைக்கும் கண்டுபிடிக்க முடியல.